புகையின் நிறம்

விறகு வைத்துப் பற்றவைத்த முதல் அரைமணி நேரம் வெள்ளைப் புகை. அது விறகின் ஈரம். கோக் அரைகுறையாகப் பிடிக்கும்போது கறுப்பு. பழைய இரும்போடு எண்ணெயும் பெயிண்டும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கறுப்பிலும் ஒரு கனத்த கறுப்பு. அது மேலே போக மனமில்லாமல் கூரை மேலேயே படுத்துக்கொள்ளும். காற்று அதிகமாகி இரும்பே எரியத் தொடங்கினால் செங்கல் நிறம். அந்த நிறத்தைப் பார்த்தால்தான் மிஸ்திரி எழுந்து ஓடுவார். மற்ற நிறங்களுக்கெல்லாம் பீடியை அணைப்பதில்லை.

ஹவுராவின் பனாரஸ் ரோடு ஓரத்தில் ஒரு பவுண்டரியின் வாசலில் உட்கார்ந்தபடி நாற்பது வருடம் இப்படிப் புகையைப் படித்தவர் அவர். பிகாரில் சாரண் மாவட்டத்துக்காரர். 1974-இல் தாய்மாமனோடு ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது வயது பதினாறு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உலையின் வயிற்றுக்குள் நடப்பதை முப்பதடி உயரத்தில் வெளிவரும் புகையைக் கொண்டு சொல்லிவிடுவார். அந்த வட்டாரத்தில் அதற்கு மரியாதை உண்டு. சம்பளம் கொஞ்சம் கூடுதல். திருட்டுத்தனமாகப் பக்கத்து முதலாளிகள் டீ வாங்கிக் கொடுத்து யோசனை கேட்பதும் உண்டு.

ஹவுராவில் அப்போது ஏறக்குறைய முந்நூறு பவுண்டரிகள். தண்டவாளத்துக்கான பாகங்கள், குழாய்கள், எடைக்கற்கள், பாதாளச் சாக்கடை மூடிகள் என்று வார்ப்பிரும்பில் ஆகக்கூடிய எல்லாமும் அங்கே ஆனது. கோவையில் பம்புசெட்டுக்கும், ராஜ்கோட்டில் டீசல் இன்ஜினுக்கும், படாலாவில் இயந்திரப் பாகங்களுக்கும் உலைகள் எரிந்ததைப் போல. ஊர்தான் வேறு. உலை எங்கும் ஒன்றுதான்: குப்போலா.

நிமிர்த்தி வைத்த ஒரு பெரிய இரும்புக் குழாய், உள்ளே தீக்கல் பூச்சு. அதுதான் குப்போலா. மேலே ஒரு வாசல் வழியாகக் கோக், இரும்பு, சுண்ணாம்புக்கல் என்று மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். கீழே துளைகள் வழியாக ஊதுகாற்று போகும். கோக் எரியும், இரும்பு உருகிச் சொட்டும், சுண்ணாம்பு சாம்பலை இழுத்துக்கொண்டு கசடாகும். ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு முன்னால் வந்த இந்த உலை இந்தியாவில் சின்ன முதலாளியின் செல்லப்பிள்ளையாகிவிட்டதற்குக் காரணம் எளிது. கட்டுவதற்குச் செலவு குறைவு. மின்சாரம் போய்விட்டாலும் ஒரு சின்ன ஜெனரேட்டரை வைத்து ஊதி ஒப்பேற்றலாம். எந்த இரும்பைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் உருக்கும்.

கெட்ட பழக்கம் ஒன்றுதான்: புகை. தன்பாத் பக்கமிருந்து வந்த கோக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு சாம்பல். அதாவது நாலு கூடை கோக்கில் ஒரு கூடை வெறும் சாம்பலைக் காசு கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பாதியைக் கசடாக்கி, மீதியைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடி மேல் தூவினார்கள். துணி காயப்போட்டிருந்த பெண்கள் திட்டுவது உலைச் சத்தத்தில் கேட்காது.

மிஸ்திரி ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்தே கவனித்திருந்தார். இரும்பு கொட்டும் வாசலில் சில நேரம் நீலமாக ஒரு ஜுவாலை ஆடும். அழகாக இருக்கும். அந்த மேடையில் நின்று கூடை கொட்டும் பையன்களுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். சமயத்தில் ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே சரிவான். கீழே இறக்கிக் காற்றில் படுக்கவைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெயில் என்பார்கள். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்பார்கள். அந்த நீல ஜுவாலை கார்பன் மோனாக்சைடு என்றும், பையனைச் சரித்ததும் அதுவே என்றும் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

சொல்ல வந்தவர்கள் 1990-களின் மத்தியில் வந்தார்கள். தில்லியிலிருந்து டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள், ஸ்விட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி அமைப்பின் பணத்தோடும் பிரிட்டிஷ் நிபுணர்களின் துணையோடும். அளவுகருவிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு புகைபோக்கி மேல் ஏறினார்கள். அவர்கள் கண்டுபிடித்ததில் பாதி மிஸ்திரிக்குப் பழைய செய்தி. மறுபாதிதான் முக்கியம்.

கோக் எரியும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது மேலே ஏறும் வழியில் பழுத்த கோக்கோடு மறுபடி சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. முதல் வினை வெப்பத்தைத் தருகிறது. இரண்டாவது வினை அதில் கணிசமான பகுதியைத் திருப்பி விழுங்கிவிடுகிறது. இரும்பை உருக்க வேண்டிய கோக் தன்னையே தின்றுகொண்டு வாயுவாகிப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. புகை என்பது எரிந்ததன் மிச்சம் மட்டுமல்ல, எரியாமல் போனதன் கணக்கும்கூட. முதலாளியின் கல்லாப்பெட்டியிலிருந்து நேராக வானத்துக்கு ஒரு வழி.

தீர்வு புதிதல்ல, பிரிட்டனில் ஏற்கெனவே பழகியதுதான். ஊதுகாற்றை இரண்டாகப் பிரித்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே இரண்டாவது வரிசைத் துளைகள் வழியாகவும் செலுத்துவது. மேலே ஏறும் மோனாக்சைடு அங்கே உலைக்குள்ளேயே எரிந்து தன் வெப்பத்தைத் தந்துவிட்டுப் போகும். கேட்பதற்கு, இன்னொரு ஓட்டை போட்டால் தீர்ந்தது என்பது போல இருக்கும். அப்படி நினைத்து வெல்டிங் காரரைக் கூப்பிட்டு ஓட்டை போட்டுப் பார்த்தவர்களும் ஹவுராவில் உண்டு. காற்றின் அளவு, இரண்டு வரிசைக்கும் இடையே தூரம், உலையின் உயரம், ஒவ்வொரு கூடையின் எடை எல்லாம் கணக்காக அமைந்தால்தான் இரட்டைக் காற்று வேலை செய்யும். இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் கோக் எரியும், அவ்வளவுதான்.

1998-இல் ஹவுராவிலேயே ஒரு பவுண்டரியில் முன்மாதிரி உலை பற்றவைக்கப்பட்டது. முன்பு செலவான கோக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமானது. கூடவே ஒரு வென்சுரி ஸ்க்ரப்பர். புகையை ஒரு குறுகிய தொண்டை வழியாக வேகமாக இழுத்து, அந்த வேகத்தில் தண்ணீரைத் தெளித்துத் தூசியைக் கழுவும் சாதனம் அது. சட்டத்தின் வரம்பு மணிக்கு மூன்று டன்னுக்குக் குறைவாக உருக்கும் உலைக்குக் கனமீட்டருக்கு 450 மில்லிகிராம் தூசி. பெரிய உலைக்கு 150. அந்தப் புகைபோக்கியில் வெளிவந்தது சுமார் 50.

பார்க்க வந்திருந்த மிஸ்திரி தலையை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தார். நீராவி மாதிரி ஏதோ போனது. படிப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம். இரட்டைக் காற்று உலை பரவியது. 2003-04-இல் சீனாவிலிருந்து வரும் கோக்கின் விலை எகிறியபோது தயங்கியவர்களும் வந்தார்கள். மற்ற மாநிலங்களிலும் அமைத்தார்கள். எந்த அதிகாரியும் கழுத்தைப் பிடிக்கவில்லை. கோக் பில் பிடித்தது. ஸ்க்ரப்பருக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. காரணம் சுலபமாகப் புரியக்கூடியது. புகையை அந்த வேகத்தில் இழுக்கப் பெரிய மின்விசிறி வேண்டும், அதற்கு மின்கட்டணம். புகையில் கந்தகம் இருப்பதால் கழுவிய தண்ணீர் அமிலமாகும். சாதாரண இரும்பு அரித்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு வேண்டும், தண்ணீருக்குச் சுண்ணாம்பு வேண்டும், படிந்த சேற்றை அள்ளிப்போட இடம் வேண்டும். இத்தனை செலவுக்கும் ஒரு கிலோ இரும்புகூட அதிகம் கிடைக்காது. இன்னும் மலிவாக, புகைபோக்கியின் தலையில் ஒரு தொப்பி வைத்துத் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்களைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளை விட்டுவிடும். பக்கத்து வீட்டுப் பெண்களின் திட்டு நின்றுபோகும் என்பதால் அதையே போதும் என்று நினைத்தவர்கள் அதிகம். ஸ்க்ரப்பரை வாங்கிவைத்துவிட்டு ராத்திரியில் விசிறியை நிறுத்துகிற சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள். இருட்டில் புகைக்கு நிறமில்லை.

ஹவுராவில் கோக் விலை செய்த காரியத்தை ஆக்ராவில் நீதிமன்றம் செய்யவேண்டியிருந்தது. அங்கே காரணம் நுரையீரல் அல்ல, சலவைக்கல். மதுரா சுத்திகரிப்பு ஆலையால் தாஜ்மகாலுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்த வரதராஜன் குழு 1978-இலேயே ஆக்ராவின் மாசுக்குக் காரணங்களாக இரண்டு மின்நிலையங்களையும் ஒரு ரயில் யார்டையும் சிறுதொழில்களையும் சுட்டிக்காட்டியிருந்தது. அந்தச் சிறுதொழில்களில் முக்கியமானவை பவுண்டரிகள், சுமார் 250. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 30-ஆம் தேதி தீர்ப்பு. தாஜைச் சுற்றிய 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் அடையாளம் காணப்பட்ட 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இல்லையேல் நிலக்கரியையும் கோக்கையும் எரிப்பதை நிறுத்திவிட்டு இடம்பெயரவேண்டும்.

எரிவாயுக் குழாய் பக்கத்தில் வந்திருந்தது ஆக்ராவின் அதிர்ஷ்டம். ஹவுராவுக்கு அன்று அது கிடையாது. ஆக்ராவில் சிலர் கோக்கே இல்லாத குப்போலாவைக் கட்டினார்கள். நீர் ஓடும் குழாய்களாலான தட்டி மேல் பீங்கான் உருண்டைகளைப் பரப்பி, கீழிருந்து எரிவாயுவை எரிப்பது அது. புகை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கோக்கோடு தொட்டுப் பழகிய இரும்பு அதிலிருந்து எடுத்துக்கொண்ட கரியும் இல்லாமல் போனது; அதைத் தனியாகச் சேர்க்கவேண்டியிருந்தது. அந்தப் பக்குவம் பிடிபடும்வரை எத்தனையோ வார்ப்பு விறைத்து உடைந்தது. தீர்ப்பு தொழிலாளர்களையும் மறக்கவில்லை. வேலைத் தொடர்ச்சி, இடம்பெயர்ந்தால் ஒரு வருட ஊதியம் என்று உரிமைகளை எழுதிவைத்தது. ஹாஜர் புத்தகத்தில் பெயர் இருப்பவருக்குத்தான் இதெல்லாம். காண்டிராக்டர் கூட்டிவந்த கூலிக்குத் தீர்ப்பு நகல் எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான்.

மஞ்சள் பூத்த சலவைக்கல்லைப் பார்க்க உலகம் வருகிறது. இருமலைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஹவுராவை உலகம் பார்த்தது 2007 நவம்பரில், அதுவும் கால்களை. நியூயார்க் நகரத்துத் தெருக்களின் சாக்கடை மூடிகள் ஹவுராவில், சட்டையும் செருப்பும் இல்லாத ஆட்கள் உருகிய இரும்பைச் சுமந்து ஊற்றி வார்த்தவை என்று நியூயார்க் டைம்ஸ் படங்களோடு எழுதியது. மூடிகளை வாங்கிய மின்நிறுவனம் இனி ஒப்பந்தங்களில் பாதுகாப்பு விதிகளைச் சேர்ப்பதாகச் சொன்னது. மிஸ்திரி வேலை செய்த பவுண்டரியிலும் பூட்ஸ் கொடுத்தார்கள். இரும்புத் துளி பூட்ஸுக்குள் விழுந்தால் உடனே உதற முடியாது, வெறுங்கால் என்றால் குதித்துவிடலாம் என்பது அங்கே பழைய ஆட்களின் வாதம். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். இரும்புத் துளி நுழைய முடியாத பூட்ஸ் ஒன்று இருக்கிறது, அதற்கு விலை கொஞ்சம் அதிகம் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

கால் படத்தில் விழுந்தது. படத்தில் விழாதது மண். வார்ப்புக்கு அச்சு செய்யும் மணல் பெரும்பாலும் சிலிக்கா. அதில் நிலக்கரித் தூளும் களிமண்ணும் கலந்து ஈரப்பதத்தில் பிசைந்து அச்சாக்குவார்கள். உருகிய இரும்பு உள்ளே போனதும் நிலக்கரித் தூள் புகைகிறது; அதில் மோனாக்சைடும் பென்சீனும் உண்டு. ஆறிய பிறகு அச்சை உடைத்து, உலர்ந்துபோன மணலைத் தட்டி, பிசிறுகளை அரைத்து எடுக்கும்போது எழும் தூசிதான் ஆளைத் தின்னும் தூசி. சிலிக்கோசிஸுக்கு மருந்தில்லை. படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோயும் தரும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் அறிவித்தது. இதில் எதுவும் புகைபோக்கி வழியாகப் போவதில்லை. அது ஆளின் முகத்தருகே, ஐந்தடி உயரத்தில் இருக்கிறது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக அளவெடுப்பவர்கள் ஏணி வைத்துப் புகைபோக்கியில் துளையிட்ட இடத்தில் கருவியைச் செருகுவார்கள். வேலை முடிய மணிக்கணக்காகும். மிஸ்திரி பலமுறை அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மேலே இருப்பவர் மூக்கில் துணி கட்டியிருப்பார். கீழே மணல் தட்டுபவர்களின் நடுவே நின்று ஏணி பிடிப்பவரை அந்தக் கருவி அளப்பதில்லை. வெளிக்காற்று 1981-ஆம் வருடச் சட்டத்தின் பொறுப்பு. கொட்டகைக்குள் இருக்கும் காற்று வேறொரு துறையின் பொறுப்பாக இருந்தது. 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்திச் சிலிக்காத் தூசிக்கும் வரம்பு எழுதினார்கள். இரண்டு காற்றுக்கும் நடுவே இருப்பது ஒரு தகரச் சுவர்.

தொழிலாளிக்கு அங்கே கிடைத்த கவசம் வெல்லம். மாலையில் ஆளுக்கு ஒரு கட்டி. தூசி வேலை நடக்கும் பல இடங்களில் இந்தப் பழக்கம் உண்டு. தொண்டையைக் கழுவும் என்பது நம்பிக்கை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாதபடி லக்னோவின் நச்சியல் ஆய்வு மையம் எலிகளுக்குத் தூசியும் வெல்லமும் கொடுத்துப் பார்த்து, வெல்லம் தின்ற எலிகளின் நுரையீரலில் பாதிப்பு குறைந்திருப்பதாக 1994-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டது. எலிக்கு நல்லதானால் நல்லதுதான். ஆனால் வெல்லம் கொடுத்த கையோடு மணல் தட்டும் இடத்துக்கு உறிஞ்சும் குழாய் வைக்கவேண்டியதில்லை என்று முதலாளிகள் முடிவு செய்ததற்கு அந்த எலிகள் பொறுப்பல்ல.

2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 43 தொழிற்பகுதிகளைக் கடுமையாக மாசடைந்தவை என்று பட்டியலிட்டபோது ஹவுராவும் அதில் இருந்தது. அதன் பிறகு மின்உலைகளின் காலம். இண்டக்‌ஷன் உலைக்குக் கோக் வேண்டாம், சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை. மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரியத்தான் செய்கிறது. ஆனால் அங்கே தூசி பிடிக்கப் பெரிய கருவிகள் உண்டு, அந்தப் புகைபோக்கி குடியிருப்பின் நடுவே இல்லை. மொத்தத்தில் இது நல்ல மாற்றம். மிஸ்திரியின் மகன் வேலை பார்ப்பது அப்படி ஓர் உலையில்.

வேலையை விட்டு வந்த பிறகு ஒருநாள் அதைப் பார்க்கப் போனார் மிஸ்திரி. வெளியே நின்று பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கியே இல்லை. உள்ளே போனார். மேடையில் திறந்த வாயோடு உலை. மகன் பழைய இரும்பை அதில் போடப் போட வெள்ளையாகப் புகை கிளம்பி, போக வழியில்லாமல் கூரைக்குக் கீழே வலம் வந்தது. நாற்பது வருடத்தில் அவர் பார்த்த வெள்ளை அல்ல அது. விறகின் ஈரம் இல்லை.

துத்தநாகம். முலாம் பூசிய தகரத்தை உருக்கினால் வருவது. அதைச் சுவாசித்த அன்று ராத்திரி காய்ச்சலும் குளிரும் உடம்புவலியும் வரும், மறுநாள் போய்விடும். லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் இன்னும் அதிகம். குப்போலா எந்த இரும்பையும் முகம் சுளிக்காமல் தின்றது, அதன் ஏப்பம் மேலே போனது. இண்டக்‌ஷன் உலை சுத்தமான இரும்பு கேட்கிறது. சுத்தமான இரும்பு விலை அதிகம். உலையின் வாய்க்கு மேல் ஒரு கூண்டு வைத்து, புகையை உறிஞ்சி, துணிப்பை வடிகட்டி வழியாக வெளியே விடலாம். கூண்டு வைத்த பவுண்டரிகளும் இருக்கின்றன, ஏற்றுமதி செய்பவர்கள் வைத்திருக்கிறார்கள். வாங்க வரும் வெளிநாட்டுக்காரர் கொட்டகைக்குள் வந்து பார்ப்பார் என்பதால்.

மிஸ்திரி மகனிடம், தகரத்தைப் பொறுக்கித் தள்ளிவிட்டுப் போடு என்றார். பாபூஜி, மணிக்கு இத்தனை டன் என்று கணக்கு இருக்கிறது, பொறுக்கிக்கொண்டிருந்தால் ஆகாது என்றான் மகன். தந்தை மேடையிலிருந்து இறங்கி வெளியே வந்து பீடி பற்றவைத்தார். இருமல் வந்தது, அணைத்துவிட்டார்.

வீட்டில் இரண்டு பேரின் கம்சாவையும் துவைத்தது ஒரே கைதான். முகத்தில் கட்டுவதும் வியர்வை துடைப்பதும் காறிய எச்சிலைத் துடைப்பதும் அந்தத் துண்டில்தான். கணவரின் கம்சாவை அலசினால் தண்ணீர் கறுக்கும். அது அந்த அம்மாளுக்குப் பழகிப்போன நிறம், மூன்றாவது அலசலில் போய்விடும். மகனுடையதில் கறுப்பு வருவதில்லை. சாம்பல் வெள்ளையாக ஒன்று துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சோப்பை மாற்றிப் பார்த்திருக்கிறார்.